எல்லாத் திரையும் மஞ்சள்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. சூரிச்சிலுள்ள ஒரு சங்கம் தன் ஆண்டு மலருக்கு, "வீட்டில் படம் திருத்துவோருக்கு ஏற்ற மலிவான கணினித் திரை" என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தது. ஒரு பக்கம் சமையல் குறிப்பு, அடுத்தது வரிப் படிவம் நிரப்புவது எப்படி, அதற்கடுத்து நான்.

உட்கார்ந்தேன். மூன்று பத்தி தடையில்லாமல் ஓடியது. திரை பளபளப்பில்லாததாக இருக்கட்டும். யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகையைக் கேட்டு வாங்குங்கள், ஐபிஎஸ் என்றால் கடைக்காரருக்கு விளங்கும். நான்காவது பத்தியில், "எல்லாவற்றையும் விட முக்கியம், உங்கள் சொந்தக் கண்களை" என்று எழுதினேன்.

அந்த வாக்கியம் அதற்கு மேல் போகவில்லை. 'நம்புங்கள்' என்று முடிப்பதாகத்தான் இருந்தது. அப்போது வரதராசா நினைவுக்கு வந்துவிட்டார்.

மலர் வெளிவந்துவிட்டது. என் இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் போட்டார்கள். என்னிடம் மிஞ்சியது மூன்று பத்தியும், பாதி வாக்கியமும், இந்த மனிதரும். வரதராசா என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. நடந்தவை பெரும்பாலும் அவர் எனக்குச் சொன்னபடிதான். நான் இட்டுக்கட்டிய இடங்களில், முடிந்தவரை, அடைப்புக்குறி போடுகிறேன். களைத்துப்போன நேரங்களில் விட்டுப்போயிருக்கலாம்.

2

எங்கே தொடங்குவது?

"வரதராசா ஒரே இலையுதிர் காலத்தில் இரண்டு திரைகளை வாங்கி —"

இல்லை. இப்படித் தொடங்கினால் நகைச்சுவைக் கதை என்று நினைப்பீர்கள்.

"மனிதனின் கண் என்பது உலகத்தை அப்படியே —"

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

"சூரிச்சின் ஓர்லிகோனில் ஒரு தொடர்மாடி வீட்டில், சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்த சின்ன அறையில், வரதராசா என்ற ஐம்பத்தேழு வயது மனிதர் மற்றவர்களுடைய கல்யாணங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்."

இது போகும். வார நாட்களில் அவர் ஒரு பெரிய காரியாலயத்தின் உணவுச்சாலைச் சமையலறையில் வேலை செய்தார். சனி ஞாயிறில் கமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், பெண் பிள்ளைகளின் சாமத்திய வீடு, தேவாலயத்து முதல் நன்மை என்று பேர்ன், பாசல், பீல் நகரங்களுக்கெல்லாம் போனார். ஒருகாலத்தில் ஓய்வான வார இறுதியே கிடைக்காத அளவுக்கு அழைப்புகள் வந்தன. 2016இல் அழைப்புகள் குறைந்திருந்தன. எல்லோரிடமும் இப்போது கமரா இருக்கிறது, இளம் பெடியள் பறக்கும் கமராவோடு வந்துவிட்டார்கள், அதனால்தான் என்று அவர் தனக்குத் தானே சொல்லிவைத்திருந்தார். வீட்டிலும் அதையே சொன்னார். மனைவி சிவகலா மறுத்துப் பேசவில்லை.

[சிவகலாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.]

3

அந்த ஆண்டு ஆனி மாதம் பீலில் யூஜினி என்ற பெண்ணின் கல்யாணத்தை அவர் படம் எடுத்தார். காலையில் தேவாலயம், பின்னேரம் மண்டபம். பெண்ணின் தகப்பன் அந்தோனிதாஸ், தாய் றீற்றா. மன்னார்ப் பக்கத்து ஆட்கள். அந்தோனிதாஸுக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. நிறையச் சிரிக்கும் மனிதர். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் தேவாலயத்துக்குள் நடந்து வந்த படம் தனக்கு மிகவும் பிடித்ததென்று வரதராசா சொன்னார்.

அல்பம் புரட்டாதியில் போய்ச் சேர்ந்தது. அடுத்த சனிக்கிழமை றீற்றா தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, அல்பம் வந்தது. ஒண்டு சொல்லட்டோ? குறை நினைக்கக் கூடாது."

"சொல்லுங்கோ றீற்றா."

"எல்லாரும் நீலமா இருக்கினம். பனிக்குள்ள நிண்ட சனம் மாதிரி. வெயில் காலத்திலதானே கலியாணம் நடந்தது."

"உங்கட வீட்டு லைற் அப்பிடி இருக்கும். யன்னலடியில வைச்சுப் பாருங்கோ."

"யன்னலடியில வைச்சுத்தான் பாத்தனான். யூஜினி அழுதுகொண்டிருக்கிறாள் அண்ணை. உங்கட கண்ணுக்கு இது தெரியேல்லையோ?"

றீற்றா அதைக் கோபத்தில் கேட்டார், வேறு அர்த்தத்தில் அல்ல. வரதராசா தன் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். தேவாலயச் சுவர் வெள்ளை. பெண்ணின் உடுப்பு வெள்ளை. முகங்கள் முகங்களின் நிறத்தில் இருந்தன. நீலம் எங்கேயும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த மகள் யாதவியிடம் சொன்னார். யாதவி காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள், எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவாள்.

"அப்பா, உங்கட மொனிற்றர் பழசு. பழசானால் அது மஞ்சளாக் காட்டும். மஞ்சளைப் பாத்து நீங்கள் நீலத்தைக் கூட்டிறீங்கள். பிறின்ற் பண்ணேக்க அந்த நீலம் மட்டும் மிஞ்சுது. அவ்வளவுதான்."

பிழையில்லாத விளக்கம். மஞ்சள் எங்கே இருந்தது என்பதைத் தவிர அவள் சொன்ன எல்லாம் சரி.

4

ஒரு பிறந்தநாள் விழாவைப் படம் எடுத்தால் கிடைப்பதற்கு மேல் திரைக்குச் செலவழிப்பதில்லை என்று வரதராசா முதலே சொல்லிவிட்டார். தகப்பனும் மகளும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பெரிய மின்சாதனக் கடைக்குப் போனார்கள். சுவர் நீளத்துக்குத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே படம், ஏரியும் படகும் பின்னால் பனிமலையும்.

வரதராசா வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். திரும்பி வந்தார்.

"என்ன அப்பா?"

"எல்லாம் மஞ்சள்."

"எல்லாமோ?"

"பனியைப் பார். பழைய பேப்பர் மாதிரிக் கிடக்கு." கடைசியில் இருந்த ஒன்றின் முன்னால் நின்றார். "இது பரவாயில்லை. இது வெள்ளை."

அது கந்தோர்களுக்கு வாங்கும் மலிவுத் திரை. கடைக்காரப் பையன் பொறுமையானவன். அது கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் சரி, ஆனால் நீலத்தை மிகையாகக் காட்டும், படத்துக்கு உதவாது என்று யாதவிக்கு ஜெர்மனில் விளக்கினான். வரதராசாவுக்கும் ஜெர்மன் விளங்கும். தன்னிடம் சொல்லாமல் மகளிடம் சொன்னது பிடிக்கவில்லை.

"நான் படம் எடுக்கத் தொடங்கேக்க இவன் பிறக்கேல்லை" என்று தமிழில் சொன்னார்.

கடைசியில் யாதவி காட்டியதை வாங்கினார்கள். நடுத்தர விலை, இருபத்துநான்கு அங்குலம், பளபளப்பில்லாதது.*

* மலருக்கு எழுதிய மூன்று பத்திகளின்படி பார்த்தால் நல்ல தெரிவு. நீங்கள் இந்தக் கதைக்குள் திரை வாங்கும் ஆலோசனை தேடித்தான் வந்தீர்கள் என்றால், அதே வகையை வாங்குங்கள். இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

5

இந்தப் பகுதி அலுப்பானது. இரண்டு முறை சுருக்கினேன், அலுப்பு மட்டும் போகவில்லை. நடந்ததும் அப்படித்தான்.

புதுத் திரை வீட்டுக்கு வந்தது. மஞ்சளாக இருக்கிறதென்று வரதராசா திருப்பிக் கொடுத்தார். இன்னொரு நிறுவனத்தின் திரை வந்தது. அதுவும் மஞ்சள். வேலையால் வந்து உடுப்பு மாற்றாமல் அதன் முன்னால் உட்காருவார். யன்னல் சீலையை இழுத்து மூடுவார், திறப்பார். மேசையை வேறு சுவருக்கு மாற்றினார். சுவரின் மஞ்சள் திரையில் படுகிறதென்று சுவருக்குச் சாம்பல் நிறம் பூசினார், அதுவும் போதிய அளவு சாம்பலாக இல்லை என்றார்.

யாதவி, கூட வேலை செய்யும் ஒருவரிடமிருந்து நிறம் அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். திரையின் நடுவில் அதைத் தொங்கவிட்டார்கள். திரையில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று மாறி மாறி வந்தது. பிறகு எல்லாம் சரியென்று ஒரு செய்தி வந்தது.

"பாத்தீங்களோ அப்பா, மெஷினே சொல்லுது. வெள்ளை வெள்ளையாத்தான் இருக்கு."

வரதராசா திரையைப் பார்த்தார். மஞ்சள்.

"மெஷினும் பிழை."

சிவகலா சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் அவருக்கு வேலை, அதிகாலையில் போய் மத்தியானம் தாண்டி வருவார்.

[இதுதான் என் சந்தேகம். இந்த இடத்தில் சிவகலா ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மூன்று வரைவுகளில் மூன்று விதமான வசனம் கொடுத்தேன். "உங்கட கண்ணைக் காட்டுங்கோ" என்று ஒன்று. அதை எழுதியபோது கதை அங்கேயே முடிந்துவிட்டது. வரதராசாவிடம் திரும்பக் கேட்டேன். "இல்லை, அவ ஒண்டும் சொல்லேல்லை. துடைச்சுப்போட்டு உள்ள போயிட்டா" என்றார். ஆகவே அவர் உள்ளே போகிறார்.]

6

கார்த்திகையில் அந்தோனிதாஸ் இறந்துபோனார். காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவர் தொழிற்சாலை வாசலில் விழுந்தார். இருதயம். முன்னால் ஒரு வருத்தமும் சொன்னதில்லை.

வரதராசாவும் சிவகலாவும் காரில் பீலுக்குப் போனார்கள். தேவாலயத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் பூக்களுக்கு நடுவே ஒரு பெரிய படம் வைத்திருந்தார்கள். மகளோடு நடந்து வந்த படத்திலிருந்து தகப்பனை மட்டும் வெட்டிப் பெருப்பித்தது. நல்லாய் வந்திருக்கிறதென்று வரதராசாவுக்குப் பட்டது. அந்த இடத்தில் அப்படி நினைத்ததற்காக உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

வரிசையில் நின்று றீற்றாவிடம் போனபோது, றீற்றா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, உங்கட படம் சரிதான். நான்தான் பிழை விட்டிட்டன்."

"அதை இப்ப விடுங்கோ."

"இல்லை அண்ணை. சரியாத்தான் எடுத்திருக்கிறீங்கள்."

பின்னால் ஆட்கள் நின்றார்கள், நகரவேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது நேரத்தோடு இருட்டிவிட்டது. வரதராசா பேசிக்கொண்டே ஓட்டினார்.

"கேட்டனீரோ? றீற்றா தானாவே சொல்லிப்போட்டா. துக்கத்துக்குள்ளயும் சொல்லோணும் எண்டு நினைச்சிருக்கிறா."

சிவகலா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே வந்த வாகனங்களின் வெளிச்சம் வரதராசாவின் கண்ணுக்குள் பெரிதாக வெடித்துப் பரவியது. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் முள் முள்ளாகக் கதிர். ஒரு பாரவண்டி கடந்த பிறகு சில கணம் பாதையே இல்லை. கார் ஓரத்துக்குப் போய், ஓரக்கோட்டின் மேடுகளில் ஏறி உறுமியது. சிவகலா அவருடைய கையோடு சேர்த்துச் சுக்கானைப் பிடித்தார்.

"நிப்பாட்டுங்கோ."

"ஒண்டுமில்லை. லைற் கண்ணுக்க அடிச்சிட்டுது."

"நிப்பாட்டுங்கோ எண்டுறன்."

அடுத்த எரிபொருள் நிலையத்தில் நிறுத்தினார். சிவகலா யாதவிக்கு அழைத்தார். அவள் ரயிலில் வந்து, அங்கிருந்து வாடகை வண்டி பிடித்து, காரை வீட்டுக்கு ஓட்டி வந்தாள். வீட்டு வாசலில், "திங்கட்கிழமை நான் கண் டொக்டருக்கு ரெலிபோன் பண்ணுறன்" என்றாள்.

7

நோயின் பெயரை ஜெர்மனில் 'கிறாவர் ஸ்டார்' என்கிறார்கள். சாம்பல் நட்சத்திரம் போலக் கேட்கும். தமிழில் கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை பழுப்பேறி மங்கிப்போவது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களுக்கு வயது போகுமுன்னரே வரலாம் என்று வைத்தியர் சொன்னார். வரதராசாவுக்குச் சீனி இருந்தது. வருடாவருடம் கண்ணைக் காட்டும்படி வந்த கடிதங்களை அவர் 'வேலை' என்று சொல்லித் தள்ளியிருந்தார்.

"நிறங்களில் ஏதாவது வித்தியாசம் கவனித்தீர்களா?" என்று வைத்தியர் கேட்டார். "மெல்ல மெல்ல வருவதால் பலருக்குத் தெரிவதில்லை. எல்லாம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும்."

வரதராசா யாதவியைப் பார்த்தார். யாதவி நிலத்தைப் பார்த்தாள். கடை, கருவி, சுவரின் சாம்பல் பூச்சு எல்லாம் அந்த அறைக்குள் வந்து நின்றன. [இந்தக் கடைசி வசனம் என்னுடையது. வரதராசா சொன்னது, "எனக்கு உடன எழும்பி வீட்டை போகோணும் போல இருந்தது" என்பது மட்டும்.]

8

தையில் முதலில் வலது கண்ணைச் செய்தார்கள். மறுநாள் கண்கட்டை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனார். குளிர்பெட்டிக் கதவு அவரைத் தடுத்து நிறுத்தியது. அவ்வளவு வெள்ளை. வலது கண்ணைப் பொத்தினார், பழைய பேப்பர் நிறம். இடது கண்ணைப் பொத்தினார், வெள்ளை. மாறி மாறிப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சின்ன அறைக்குப் போய்க் கணினியைத் திறந்தார். திருப்பிக் கொடுக்கும் தவணை செத்தவீட்டு அலைச்சலில் தவறிப்போனதால் இரண்டாவது திரை மேசையிலேயே இருந்தது.

யூஜினியின் கல்யாணம். தேவாலயச் சுவர் நீலம். உடுப்பு நீலம். குருவானவர், தோழிப் பெண், சிரிக்கும் தகப்பன், எல்லோரும் பனிக்குள் நின்ற சனம்.

அதற்கு முந்திய கல்யாணத்தைத் திறந்தார். அதற்கு முந்தியதை. ஒரு சாமத்திய வீடு, ஒரு அறுபதாம் கல்யாணம், பாசலில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். பின்னோக்கிப் போகப் போக நீலம் குறைந்துகொண்டே போனது. நல்ல நிறம் வரும் இடத்தைப் பிடிக்க அவர் வருடங்களைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. இந்தப் படங்கள் எல்லாம் ஒவ்வொரு வீட்டின் வரவேற்பறையிலும் இருக்கின்றன. வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறார்கள். குறைந்துபோன அழைப்புகள் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு இப்போது காரணம் விளங்கியது. பறக்கும் கமரா அல்ல, இந்த நீலம்.

சிவகலா வந்து பின்னால் நின்றார்.

"உமக்கு இது தெரியுமோ?" திரும்பாமலே கேட்டார்.

"ஓம்."

"எப்ப இருந்து?"

"யாதவி படிச்சு முடிச்ச நேரம் எடுத்த படங்களில இருந்து."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான். 'நிறத்தைப் பற்றி உமக்கு என்ன தெரியும்' எண்டனீங்கள்."

"ஒருக்காத்தானே சொன்னனீர்."

"ஒருக்காச் சொன்னதுக்கு ரெண்டு கிழமை என்னோட கதைக்கேல்லை நீங்கள்." சிவகலா குரலை உயர்த்தவில்லை. "நான் விடியக்காலமை எழும்பிப் போய் வாறனான். வந்தால் வீட்டில கதைக்க ஒரு ஆள் வேணும். படம் நீலமா இருந்தா இருந்திட்டுப் போகட்டும் எண்டு விட்டிட்டன். கண் எண்டு நான் நினைக்கேல்லை. உங்களுக்கு அப்பிடித்தான் பிடிச்சிருக்காக்கும் எண்டு நினைச்சன்."

வரதராசா பக்கத்தில் இருந்த கதிரையை இழுத்துவிட்டார். சிவகலா அதில் உட்கார்ந்தார். இருவரும் கொஞ்ச நேரம் மற்றவர்களுடைய நீலக் கல்யாணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

[என் சந்தேகம் இங்கே தீர்ந்தது. சிவகலாவை எழுதத் தெரியாமல் இருந்தது நான்தான். அவருடைய மௌனத்துக்குப் பின்னால் பெரிய காரணம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தது களைப்பு.]

9

கதை இந்த இடத்தில் முடிந்திருக்கலாம். எனக்கும் அதுதான் வசதி. ஆனால் வரதராசா நிறுத்தவில்லை.

முதலில் யூஜினியின் அல்பத்தை மறுபடி திருத்துவதென்று முடிவு செய்தார். இடது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, கமராவிலிருந்து வந்த மூலப் படங்களை எடுத்து ஆரம்பத்திலிருந்து செய்தார். இந்த முறை சிவகலாவைப் பக்கத்தில் இருத்தி, "இது சரியோ?" என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். முகங்கள் ஒவ்வொன்றாக வெயில்காலத்துக்குத் திரும்பி வந்தன.

அந்தோனிதாஸின் படத்தைச் செய்யும்போது சிவகலா வேலைக்குப் போயிருந்தார். முகம் நல்ல மண்ணிறமாக வந்தது. உதடுகளில் மட்டும் லேசாக ஒரு கருநீலம் மிஞ்சியது. வெளிச்சத்தின் சாயல் என்று நினைத்தார். உதடுகளை மட்டும் தெரிவு செய்து சிவப்பைக் கொஞ்சம் கூட்டினார். சரியாகிவிட்டது. பெரிய படமாகவும் ஒன்று அச்சடித்தார்.

கார் ஓட்ட இன்னும் அனுமதியில்லை. ரயிலில் பீலுக்குப் போய், பேருந்து எடுத்து, றீற்றாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். யூஜினி வேலைக்குப் போயிருந்தாள். றீற்றா மட்டும்தான்.

சுவரில் அந்தோனிதாஸின் படம் தொங்கியது. கீழே ஒரு சின்ன மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செத்தவீட்டில் 'நல்லாய் வந்திருக்கிறது' என்று தான் நினைத்த அதே படத்தை, புதுக் கண்ணால் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். உடனே பார்வையை, றீற்றா கொண்டுவந்து கொடுத்த தேநீர்க் கோப்பைக்கு மாற்றிக்கொண்டார்.

"றீற்றா, செத்தவீட்டில நீங்கள் ஒண்டு சொன்னனீங்கள். படம் சரி எண்டு."

"சரிதானே அண்ணை."

"இல்லை, அதைத்தான் கதைக்க வந்தனான்."

"இஞ்ச பாருங்கோ." றீற்றா எழுந்து படத்தின் அருகே போய் உதடுகளைக் காட்டினார். "சொண்டைப் பாத்தீங்களோ. டொக்டரிட்டைப் பிறகு கேட்டனான். இருதயம் ஏலாத ஆக்களுக்குச் சொண்டு நீலமாகும் எண்டு சொன்னவர். கலியாணத்தண்டே உங்கட கமராவுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியேல்லை. அந்தப் படத்தை வைச்சுக்கொண்டு நான் உங்களோட சண்டை பிடிச்சன். அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்க வேணும். எல்லாருந்தான் நீலம், எண்டாலும் அவர்தான் கூட நீலம். ஒவ்வொரு நாளும் இதில நிண்டு மன்னிப்புக் கேக்கிறனான்."

வரதராசா கோப்பையை மேசையில் வைத்தார். அவர் கொண்டுவந்திருந்தது ஒரு தொழில் பிழைக்கான மன்னிப்பு. அதற்கு வேண்டிய வார்த்தைகளைத்தான் ரயிலில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"றீற்றா, அது கமரா இல்லை. என்ர கண்."

சொன்னார். மஞ்சள், கடை, கருவி, சத்திரசிகிச்சை எல்லாவற்றையும். எத்தனையோ வருடமாக எல்லாருடைய படங்களும் அப்படித்தான் போயிருக்கின்றன என்றும் சொன்னார். பிறகு பையிலிருந்து புதுப் படத்தை எடுத்துக் கொடுத்தார்.

றீற்றா அதை யன்னலடிக்குக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார். விரலால் முகத்தைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்தார்.

"இது அவர்தான்" என்றார்.

பிறகு திரும்பி, வரதராசாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப, அண்டைக்கு அவர் நல்லா இருந்தவரோ, அண்ணை?"

அப்போதுதான் வரதராசாவுக்கு அந்த உதடுகள் நினைவுக்கு வந்தன. தான் சிவப்புக் கூட்டிய உதடுகள்.

10

சில விடயங்கள் எப்படி முடிந்தன என்று எனக்குத் தெரியும், அவற்றைச் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் மற்றக் கண்ணும் சரியானது. வரதராசா இன்னும் படம் எடுக்கிறார், எப்போதாவது. பழைய ஆட்களுக்கு அழைத்து, அல்பத்தைத் திருத்தித் தரட்டோ என்று கேட்டார். சிலர் சம்மதித்தார்கள். சிலர், இருக்கட்டும் அண்ணை, பழகிப்போச்சு என்றார்கள். ஒரு தம்பதி பிரிந்திருந்தார்கள், அல்பம் எங்கே என்று இருவருக்கும் தெரியவில்லை. சின்ன அறையில் இப்போது இரண்டு கதிரைகள். சிவகலா வேலையால் வந்து அங்கே உட்காருகிறார். படங்களைப் பற்றி மட்டுமல்ல, மற்றதும் கதைக்கிறார்கள்.

ஆனால் பீலில், யன்னலடியில், அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார்?

ஒரு முடிவு எழுதினேன். "ஓம் றீற்றா, நல்லா இருந்தவர்" என்கிறார். றீற்றா படத்தை நெஞ்சோடு அணைக்கிறார். அன்றிலிருந்து அவர் சுவருக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்பதில்லை. இதை எழுதிய அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் படித்தபோது, வரதராசா தன் கண்ணைத் திருத்திக்கொண்டு வந்ததே இன்னொருவருடைய கண்ணில் ஒரு நிறத்தைப் பூசத்தானா என்று தோன்றியது.

இன்னொன்றும் எழுதினேன். "சொண்டில கொஞ்சம் இருந்தது. நான்தான் அழிச்சுப்போட்டன்" என்று சொல்லிவிடுகிறார். உண்மை. ஆனால் என்ன உண்மை? தேவாலயத்து நிறக் கண்ணாடியின் சாயலாக இருக்கலாம். யூஜினியின் பூச்செண்டின் நிழலாக இருக்கலாம். அப்போது ஒரு கண்ணைத் துணியால் கட்டியிருந்த மனிதர் பார்த்தது அது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொல்லி, அந்தப் பெண்ணைத் திரும்பவும் அந்தச் சுவரடிக்கு அனுப்புவதா?

"மூலப் படத்தை ஒரு டொக்டரிட்டைக் காட்டினால் —" என்று மூன்றாவது முடிவைத் தொடங்கினேன். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

வரதராசாவிடம் நேராகவே கேட்டேன். லாங்ஸ்ட்ராசை என்ற தெருவில் ஒரு தேநீர்க்கடையில் இருந்தோம், டிராம் போய் வந்துகொண்டிருந்தது. அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நீங்கள் எழுதிற ஆள்தானே. அந்த இடத்தில நீங்கள் எண்டால் என்ன சொல்லியிருப்பியள்?" என்று திருப்பிக் கேட்டார்.

நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தப் பக்கங்கள் எல்லாம் அந்த யோசனைதான், இன்னும் ஒரு சொல் வரவில்லை, எனக்கும் களைத்துவிட்டது. கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறேன். நீங்கள் வந்து உட்காருங்கள்.

றீற்றா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் கேட்டுவிட்டார். உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.